எல்லைக்கல்லுக்கு இந்தப் பக்கம்

எனக்கு முன்கோபம் அதிகம். வீட்டில், குழுவில், பஸ்ஸில், ரேஷன் கடையில், எங்கே போனாலும் யாராவது ஒருவரிடம் சத்தம் போட்டுவிட்டுத்தான் வருவேன். போட்டுவிட்டால் அன்றைக்கே ஆறிவிடும். ஆனால் விடுதிச் சமையல் எங்கள் கையை விட்டுப் போன விஷயத்தில் மட்டும் யாரிடம் சத்தம் போடுவது என்று தெரியவில்லை. ஒவ்வொருவரையும் மனசுக்குள் நிறுத்தி வைத்து விசாரித்துப் பார்த்துவிட்டேன். அவரவர் இடத்தில் அவரவர் சரியாகத்தான் நடந்திருக்கிறார்கள். அதனால்தான் இன்னும் ஆறவில்லை என்று நினைக்கிறேன்.

மலைமேல் பல ஊர்கள் சேர்ந்த வளப்பூர் நாட்டில், எங்கள் ஊரை ஒட்டி, மலைப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் அரசு விடுதி ஒன்று இருக்கிறது. அங்கே சமைத்துப் போடும் ஒப்பந்தம் எங்கள் மகளிர் குழுவிடம் இருந்தது. நாங்கள் ஐந்து பெண்கள். தலைவி என் நங்கை. நாத்தனாரை எங்கள் பக்கம் நங்கை என்போம். இவர் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் செயலாளர். எனக்கும் சமையலுக்கும் வெகுதூரம். என் வீட்டுக்காரரைக் கேட்டால் இன்னும் விவரமாகச் சொல்வார். ஆனால் அப்பா கட்டட வேலைக்காக அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியில் குடியிருந்ததால் நான் கீழே வளர்ந்து காலேஜ் வரை போனவள். ஆபீஸுக்கு அலைவது, பில் போடுவது, கம்ப்யூட்டரில் ஏற்றுவது எல்லாம் என் வேலை. அடுப்புப் பக்கம் முழுக்க நங்கையின் ராஜ்யம்.

நங்கைக்கு இளவயதிலேயே கணவர் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. அதைச் சொல்லி யாராவது உச்சுக்கொட்டினால் அவருக்குப் பிடிக்காது.

“எனக்கா புள்ளைங்க இல்ல? மூணு வேளையும் தட்டத் தூக்கிக்கிட்டு வரிசைல நிக்குதுகளே, அதெல்லாம் என்ன, ஆட்டுக்குட்டிங்களா?” என்று திருப்பிக் கேட்பார்.

அரசாங்கம் கொடுத்த பட்டியலில் சோறு, சாம்பார், முட்டை என்றுதான் இருக்கும். பலாப்பழக் காலம் வந்தால் நங்கை தன் பாட்டுக்குப் பலாக்கொட்டைக் குழம்பு வைப்பார். பட்டியலில் இல்லாததை எப்படிப் போடலாம் என்று வார்டன் முதலில் முறைத்தார். கொஞ்ச நாளில் அவரே ஒரு தூக்குப் போசியை எடுத்துக்கொண்டு சமையலறைப் பக்கம் வர ஆரம்பித்தார். தட்டில் மிச்சம் வைக்கும் பிள்ளைகளை நங்கை விடமாட்டார். “தின்னுப்போட்டு எந்திரி சாமி, இல்லாட்டி நாளைக்கும் இதையேதான் போடுவேன்” என்பார். மறுநாள் அந்தப் பிள்ளைக்குத்தான், எல்லாரும் போட்டி போடும் அடிச்சோற்றுக் காந்தல் தனியாகப் போகும்.

அந்தச் சமையலறையைத் தவிர நங்கை தன் பேச்சால் வென்ற இன்னொன்றும் உண்டு. அது எங்கள் ஊர் மாரியம்மன் பண்டிகையின் முதல் காப்பு. மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொண்டவர்கள், காப்பு அவிழ்க்கும் வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். வீட்டுக்கு ஒருவர் கட்டிக்கொள்வார்கள். முதல் காப்பு நங்கை புகுந்த வீட்டுக்கு உரியது. கணவர் இறந்த பிறகு, அந்த வீட்டில் ஆண் இல்லை, காப்பு பங்காளி வீட்டுக்குப் போகட்டும் என்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். நங்கை ஊர்க்கூட்டத்தில் எழுந்து, “ஊடு இருக்குதுங்களே, நான் இருக்கறேனுங்களே, அப்பறம் என்னுங்க?” என்று கேட்டார். தாலியில்லாத பொம்பளைக்கு முதல் காப்பா என்று முணுமுணுப்பு எழுந்தது. சில வருஷம் அந்த இழுபறி நடந்தது. கடைசியில் பூசாரியார்தான், “அம்மனே கேக்காத கேள்விய நீங்க எதுக்குங்க கேக்கறீங்க?” என்று சொல்லி நங்கையின் கையில் கட்டிவிட்டார். அதிலிருந்து வருஷா வருஷம் அவர் கைதான் முதல் கை.

நான் இதையெல்லாம் கொஞ்சம் கேலியாகத்தான் பார்ப்பேன். கீழே வளர்ந்த புத்தி. பண்டிகை நாட்களில் நங்கையைப் பார்த்து, “என்னுங்க நங்கை, ஜெயில் எப்ப முடியுது?” என்று கேட்பேன். விடுதி எல்லைக்குள்ளேயே இருந்ததால் காப்போடு வந்து சமைத்துவிட்டுப் போவார். அகப்பையை ஓங்கிக் காட்டுவார். இருவரும் சிரிப்போம்.

அந்த வருஷம் ஒப்பந்தத்தை டெண்டருக்கு விட்டார்கள். அதுவரை சும்மா நீட்டித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நிபந்தனைகளைப் படித்தபோது எனக்குத் தெம்பாகத்தான் இருந்தது. சமைக்கும் இடம் மலைமேலேயே இருக்க வேண்டும், சாப்பாடு சூடாகப் பரிமாறப்பட வேண்டும் என்று தெளிவாகப் போட்டிருந்தது. எங்களை விட்டால் யார் என்று நினைத்தேன். செம்மேட்டில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஏற்றினேன். நங்கை ஒவ்வொரு எழுத்தாக இழுத்து இழுத்துக் கையெழுத்துப் போட்டார். போட்டு முடித்துவிட்டு, “இது போயி யாரு படிப்பாங்க கண்ணு?” என்று கேட்டார். பெரிய ஆபீசர்கள் படிப்பார்கள் என்று சொன்னேன்.

பண்டிகைக்குக் காப்புக் கட்டிய செவ்வாய்க்கிழமையே முடிவு வந்துவிட்டது. எனக்குத்தான் தெரியவில்லை. கோயில் வாசலில் பொங்கல் வைத்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊருக்குள் செல்போன் டவர் கிடையாது. ஊர் எல்லையில் நிற்கும் கல் பக்கம் போனால்தான் கிடைக்கும். மறுநாள் காலையில் அங்கே பஸ்ஸுக்கு நிற்கும்போது போன் டிங் டிங் என்று அடித்தது. எங்கள் டெண்டர் ஏற்கப்படவில்லை. கீழே இருக்கும் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்திருந்தார்கள். ஆட்சேபம் இருந்தால் முடிவு வந்த தேதியிலிருந்து பத்து நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று கடைசி வரியில் இருந்தது. ஒரு நாள் முன்னதாக அந்தக் கல்லுக்குப் பக்கம் போயிருந்தால் நங்கை அன்று கயிற்றுக்குக் கையை நீட்டியிருப்பாரா என்று நான் யோசிக்காத நாளே இல்லை. பொங்கல் பானையைக் கிளறிக்கொண்டு நின்றேனே.

அவர்கள் விலையைக் குறைத்துக் கேட்டிருந்தார்கள். அது அவர்கள் சாமர்த்தியம், அதில் எனக்குக் கோபமில்லை. ஆனால் அவர்கள் கொடுத்த காகிதங்களையும் இணையத்தில் போட்டிருந்தார்கள். மலைமேல் இருக்கும் சமையற்கூடம் என்று ஒரு முகவரி இருந்தது. அந்த இடம் எங்களுக்குத் தெரியும். எங்கள் குழுப் பெண்கள் இரண்டு பேரைக் கூட்டிக்கொண்டு நேரே போனேன். மிளகு காயப்போட்டு வைக்கும் தகரக் கொட்டகை அது. உள்ளே நாலு சாக்கும், கட்டிப்போட்ட ஒரு வெள்ளாடும் இருந்தன. அடுப்பு மூட்டிய தடம் எங்கும் இல்லை. ஆடு எங்களைப் பார்த்துக் கத்தியது. அதையும் சேர்த்துப் படம் எடுத்துக்கொண்டேன்.

கீழே சேந்தமங்கலத்தில் ஒரு வக்கீலிடம் போனேன். நோட்டரியும் அவரே. படங்களைப் பார்த்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“இது நிக்குங்க. நல்லாவே நிக்கும். மனு நான் தயார் பண்ணிடறேன். ஆனா உறுதிமொழிப் பத்திரம் ஒண்ணு வெக்கோணும். டெண்டர்ல கையெழுத்துப் போட்ட அம்மா நேர்ல வந்து என் முன்னால போடோணும்” என்றார்.

“நான் செயலாளருங்க. நான் போடக் கூடாதுங்களா?”

“டெண்டர்ல உங்க கையெழுத்து இல்லீங்களே. அதையே புடிச்சுத் தள்ளிடுவாங்க.”

நான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். அடுத்த புதன்கிழமை காப்பு அவிழ்ப்பார்கள். கெடு வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை காலை நங்கையைக் கூட்டிவந்து கையெழுத்துப் போட்டு, அன்றைக்கே நாமக்கல்லில் ஆபீஸில் கொடுத்துவிடலாம். வெள்ளிக்கிழமை முழுசாகக் கையிருப்பு. வக்கீலும் தலையாட்டினார். ஊருக்குத் திரும்பி நங்கையிடம் சொன்னேன். அவர் கையிலிருந்த கயிற்றைத் தடவிக்கொண்டே, “அதான் ரெண்டு நாளு இருக்குதில்ல, போலாம் கண்ணு” என்றார். அந்த வாரம் நாங்கள் சந்தோஷமாகவே இருந்தோம். படங்களைப் பெரிதாக அச்சடித்து வாங்கி வந்தேன். ஆட்டின் முகம் அத்தனை தெளிவாக விழுந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், மேலத்தெருவில் மாசக்கணக்காகப் படுத்த படுக்கையாக இருந்த பெரியவர் ஒருவர் இறந்துபோனார்.

பறை நின்றது. அம்மன் ஊர்வலம் நின்றது. பண்டிகைக்கு நடுவில் சாவு விழுந்தால் மூன்றாம் நாள் காரியம் முடியும்வரை சாமியை அசைக்கக் கூடாது, காப்பும் அவிழ்க்கக் கூடாது. அதன் பிறகு ஊர்வலம் முடித்து, சனிக்கிழமைதான் காப்பு அவிழ்ப்பது என்று பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் அந்தச் சாவு வீட்டுத் திண்ணையில் மற்றப் பெண்களோடு உட்கார்ந்திருந்தேன். எல்லாரும் அழுதார்கள். எனக்கோ அந்த மனிதர் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. இத்தனை மாசம் இழுத்துக்கொண்டு கிடந்தவர் இன்னும் ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். நல்லவர் பாவம். எங்கள் கல்யாணத்துக்கு ஒரு மூட்டை சாமை கொடுத்தவர்.

புதன்கிழமை முழுக்க எல்லைக்கல் பக்கமே நின்று போன் போட்டேன். வக்கீலை மேலே வரச் சொல்லிக் கெஞ்சினேன். பஸ் ஏறினால் இறங்கும்வரை வாந்தி எடுக்கும் மனிதர் அவர். அடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தும் மலைக்கு ஒரே ஒரு முறைதான் வந்திருக்கிறாராம், அதுவும் பாதி வளைவில் இறக்கிவிடச் சொல்லித் திரும்பி நடந்தாராம்.

“வரமாட்டேன்னு இல்லீங்க. நாளைக்கும் நாளானைக்கும் கோர்ட்ல எனக்குக் கேஸ் இருக்குதுங்க. விட்டுட்டு வந்தா அந்தக் கட்சிக்காரன் என்னை என்ன செய்வான்?” என்றார்.

“அப்பக் கையெழுத்த நான் வாங்கிட்டு வந்துர்றேனுங்க. நீங்க நேர்ல பாத்த மாதிரி முத்திரை குத்துங்க. ஊர்ல நடக்காததுங்களா?”

“நடக்கும்ங்க. ஆனா உங்களுக்கு எதிர்ல இருக்கறவன் சும்மா இருக்க மாட்டான். அந்தத் தேதில அந்தம்மா கையில காப்போட ஊருக்குள்ளதான் இருந்தாங்கன்னு உங்க ஊரே சாட்சி சொல்லும். மனுவும் போயிரும், எம்பட நோட்டரி போர்டும் போயிரும்” என்றார்.

வியாழக்கிழமை நாமக்கல்லில் வேறு இரண்டு நோட்டரிகளைப் பிடித்துப் பார்த்தேன். ஒருவர் முன்பின் தெரியாதவர்களுக்குப் போடுவதில்லை என்றார். இன்னொருவர் நல்ல மாதிரி. ஞாயிற்றுக்கிழமை என்றால் குடும்பத்தோடு அருவிக்கு வருவதாகவும், போகிற வழியில் போட்டுத் தருவதாகவும் சொன்னார். வீடியோ காலில் நங்கையைக் காட்டட்டுமா என்று கேட்டேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்தது.

மிச்சமிருந்தது நங்கைதான். அன்று மலைக்குத் திரும்பியதும் நேரே சமையலறைக்குப் போய் நின்றேன். பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டு, பின்பக்கம் பலா மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். மற்றப் பெண்களும் இருந்தார்கள்.

“நங்கை, நாளைக்குக் காலைல முதல் பஸ்ஸுல போயிட்டுப் பொழுதோட வந்துரலாம். அம்மன் ஒண்ணும் பண்ணாது. பண்ணுனா என்னையப் பண்ணட்டும்.”

“அம்மன் ஒண்ணும் பண்ணாதுன்னு எனக்கும் தெரியும் கண்ணு. அவளுக்கு என்னைய விட்டா ஆளில்லையா?”

“அப்பறம் என்னுங்க?”

நங்கை கயிற்றை மணிக்கட்டில் மேலும் கீழும் நகர்த்தினார். “பொம்பளைக்கு முதல் காப்புக் குடுத்தோம், பாரு, அவ சாவு விழுந்த சமயத்துல எல்லை தாண்டிப் போயிட்டாம்பாங்க. எனக்கு மட்டும் இல்ல. இனி நம்மூர்ல எந்தப் பொம்பளைக்கும் குடுக்க மாட்டாங்க. உனக்கு ஒரு புள்ள இருக்குதில்ல, அவளுக்கும்தான்.”

“அவ காலேஜ் போறா. அவளுக்கு இந்தக் கயிறெல்லாம் எதுக்கு?”

“வேண்டாம்னு அவ சொல்லட்டும். அவளுக்கில்லைன்னு அவங்க சொல்லக் கூடாது.”

நான் கத்தினேன். இந்தச் சமையலறை போனால் ஐந்து பேர் நடுத்தெருவில் நிற்போம், உங்கள் பிள்ளைகள் ஆறிப்போன சோற்றைத் தின்னும் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொன்னேன். மற்றப் பெண்கள் யார் பக்கமும் பேசவில்லை. நங்கை எழுந்து போய் ராத்திரிக்கு அரிசி அளக்க ஆரம்பித்தார். அவர் சொன்னதும் நியாயம், நான் சொன்னதும் நியாயம் என்று எனக்கு அப்போதே தெரிந்துதான் இருந்தது. தெரிந்ததால்தான் அத்தனை சத்தம் போட்டேன்.

வெள்ளிக்கிழமை சும்மா இருக்க முடியாமல் மனுவை எடுத்துக்கொண்டு நாமக்கல் போனேன். உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்து இடம் காலியாக இருந்தது. வாங்கிக்கொள்ளும் இடத்தில் இருந்த பெண் புரட்டிப் பார்த்துவிட்டு, “இது இல்லாம பதிவு பண்ண முடியாதுங்களேக்கா. சாயங்காலம் வரைக்கும் டைம் இருக்குது, வாங்கிட்டு வந்துருங்க” என்று நல்லபடியாகவே சொன்னாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தேன். எதற்காக உட்கார்ந்திருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. மத்தியானத்துக்கு மேல் போன் அடித்தது. நங்கை.

“எங்க நின்னு பேசறீங்க?” என்று கேட்டேன்.

“கல்லுகிட்டத்தான் நிக்கறேன் கண்ணு.”

அந்தப் பக்கம் பஸ் ஒன்று ஹாரன் அடித்து நின்று, கிளம்பிப் போகும் சத்தம் கேட்டது. அதுதான் அன்று ஆபீஸ் மூடுவதற்குள் நாமக்கல் வந்து சேரக்கூடிய கடைசி பஸ்.

“காலத் தூக்குனேன் கண்ணு. கண்டக்டர் ஏறுங்கக்கா, ஏறுங்கக்கான்னு சொன்னாரு. வெக்க முடியல” என்றார் நங்கை.

“பரவால்லீங்க. ஊட்டுக்குப் போங்க. புள்ளைங்களுக்கு நேரமாகுது” என்றேன். வேறு என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஆபீஸ் மூடும்வரை அந்த பெஞ்சிலேயே இருந்துவிட்டு வந்தேன்.

சனிக்கிழமை காப்பு அவிழ்த்தார்கள். திங்கட்கிழமை காலையில் நங்கை எனக்கு முன்னால் கிளம்பி நின்றார். வக்கீல், தாமதத்தை மன்னிக்கக் கேட்டு ஒரு மனு சேர்த்துப் போடலாம் என்றார். காரணம் எழுத வேண்டும்.

“டைபாய்டுன்னு போட்டுருவோம்ங்க. சர்டிபிகேட்டு ஏற்பாடு பண்ணிக்கலாம். காய்ச்சல்னா மறுபேச்சில்லாம ஒத்துக்குவாங்க” என்றார்.

நங்கை அவரையே பார்த்தார். “கெடயா நான் கெடக்கலீங்களே சாமி. அத்தனை நாளும் காப்போட நின்னு புள்ளைங்களுக்கு ஆக்கிப் போட்டனுங்க. அதைக் காய்ச்சல்னு எழுதறதுக்கா நான் அன்னைக்குப் பஸ் ஏறாம நின்னேன்?”

வக்கீல் என் முகத்தைப் பார்த்தார். பேசாமல் எழுதிவிடுங்கள் என்று கண்ணைக் காட்டலாம் என்றிருந்தது. நங்கை பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது என்னால் முடியவில்லை. நடந்ததை நடந்தபடியே எழுதினார்கள். பண்டிகை, காப்பு, ஊரில் சாவு, எல்லாம்.

ஆபீஸில் அதிகாரி எங்களை உட்காரச் சொன்னார். கல்லாக இருப்பார் என்று எதிர்பார்த்துப் போனேன், அப்படி இல்லை. முழுசாகப் படித்தார். நங்கையின் மணிக்கட்டில் கயிறு இருந்த இடத்தில் மஞ்சள் கறை இன்னும் போகாமல் இருந்தது. அதைப் பார்த்தார்.

“எங்க ஊர்லயும் காப்புக் கட்டுவோம்மா. எங்கப்பா சாகுற வரைக்கும் கட்டுனாரு. ஆனா நான் இதை மேல அனுப்புனா அங்க இருக்கறவங்க இது ஒரு காரணமான்னு என்னையக் கேப்பாங்க. உடம்பு சரியில்லைன்னு ஒரு வரி இருந்திருந்தா...” என்று நிறுத்திக்கொண்டார்.

“இல்லீங்க சார்” என்றார் நங்கை. அவ்வளவுதான்.

அவர் மேலே அனுப்பத்தான் செய்தார். கொஞ்ச நாள் கழித்து, கெடு கடந்து வந்ததால் ஏற்க இயலவில்லை என்று போனில் பதில் வந்தது. கொட்டகையைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. அந்தப் படங்களை யாரும் புரட்டிப் பார்த்திருக்கவே மாட்டார்கள். தோற்றிருந்தால்கூட மனசு சமாதானமாகியிருக்கும். எங்கள் பக்கத்தைக் கேட்டுவிட்டு, இல்லை, அவர்களுக்குத்தான் என்று சொல்லியிருந்தால் போடா என்று விட்டிருப்பேன். யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

பள்ளி திறந்ததும் புது ஆட்கள் வந்தார்கள். கொட்டகையில் ஆடு அதன் பாட்டுக்கு இருந்தது. அவர்கள் காளப்பநாயக்கன்பட்டி பக்கம் ரோட்டோரத்தில் கூடம் எடுத்து, அங்கே சமைத்து வேனில் ஏற்றி அனுப்பினார்கள். வளைவு ஏறி வருவதற்குள் சாம்பார் பாதி மூடியில் கிடக்கும், சோறு கட்டி தட்டியிருக்கும். பிள்ளைகள் கொட்டின. வார்டன் எழுதிப் போட்டார். கிணற்றில் போட்ட கல்தான். எங்களில் ஒருத்தி மேஸ்திரி கூடக் கட்டட வேலைக்கு இறங்கினாள். மற்ற இருவர் மிளகுக்கும் மரவள்ளிக்கும் கூலிக்குப் போனார்கள். நான் செம்மேட்டில் ஒரு கடையில் கம்ப்யூட்டர் பார்க்கிறேன். ஊரார் டெண்டர் எதற்காவது ஏற்ற வந்தால் முதலில் கடைசி வரியைப் படித்துச் சொல்வேன்.

நங்கை கொஞ்ச நாள் வீட்டோடு இருந்தார். ஒரு நாள் புது நிறுவனத்தின் மேனேஜர் அவரைத் தேடி வந்தார். பிள்ளைகள் சாப்பிடுவதில்லை, நீங்கள் வந்து ஆக்கிக் கொடுங்கள் என்று கூப்பிட்டார். நங்கை சரி என்றுவிட்டார். கேள்விப்பட்டு நான் கொதித்துப் போனேன். யாரை எதிர்த்து மனுப் போட்டோமோ அவர்களிடமே கூலிக்கா என்று வாசலிலேயே நின்று கேட்டேன்.

“திங்கறது நம்ம புள்ளைங்கதான கண்ணு. நான் போகலைன்னா கொட்டிப்போட்டுப் பட்டினியா படுக்குதுக. எங்க ஆக்குனா என்ன, போயிச் சேந்தாச் சரி” என்றார்.

முதல் பஸ்ஸில் இறங்கி, சாயங்காலம் பஸ்ஸில் ஏறி வந்தார். மலையிலேயே பிறந்து மலையிலேயே நின்று சமைத்தவர், தினமும் அத்தனை வளைவுகளையும் தலை சுற்றச் சுற்றப் போய் வந்தார். பலாக்கொட்டை உரிக்க அங்கே நேரமும் கிடையாது, அனுமதியும் கிடையாது. ஆனாலும் சோறு மிச்சமாவது குறைந்துவிட்டது என்று வார்டன் சொன்னார்.

அடுத்த பண்டிகை வந்தது. காப்புக் கட்டும் அன்று சாயங்காலம் எல்லாரும் கோயில் வாசலில் கூடியிருந்தோம். நங்கையும் வேலையிலிருந்து நேரே வந்து பின்னால் நின்றார். பூசாரியார் மஞ்சள் கயிற்றை எடுத்துக்கொண்டு வழக்கம்போல் முதலில் அவர் வீட்டைக் கூப்பிட்டார்.

நங்கை முன்னால் போனார். கையை நீட்டவில்லை.

“அடுத்த ஊட்டுக்குக் கட்டுங்க பூசாரியாரே.”

“ஏனுங்க ஆத்தா, என்னாச்சு?”

“நான் காலைல கீழ போகோணுமுங்க. எட்டு நாளு லீவு கேட்டேன், இல்லைன்னுட்டாங்க. நின்னா வேற ஆளப் போட்டுக்குவாங்களாம்.”

தாலி இல்லாதவளுக்குக் காப்பா என்று ஒரு காலத்தில் முணுமுணுத்த பெரியவர்களில் ஒருவர் எழுந்து, “போயிட்டுத்தான் வரட்டுமே, கட்டிவுடுங்க. அவ போற காரியம் நல்ல காரியம்தான” என்றார். நிஜமாகவே அப்படிச் சொன்னார். போன வருஷம் இதே வாய் இதைச் சொல்லியிருக்கக் கூடாதா என்று நினைத்தேன். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாரோ என்னவோ. கேட்கலாம் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

நங்கை தலையை ஆட்டினார். “தாண்டறதுன்னா கட்டக் கூடாதுங்க” என்று சொல்லிவிட்டுப் பின்னால் வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். முதல் காப்பு பங்காளி வீட்டுப் பையன் கைக்குப் போனது.

மறுநாள் காலையில் நானும் அவரோடு முதல் பஸ் ஏறினேன். எனக்குக் கீழே ஒரு வேலையும் இல்லை. ஜன்னலோரம் நங்கை, பக்கத்தில் நான். கண்டக்டர் டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்தார், முன் சீட்டில் யாரோ பேளுக்குறிச்சிச் சந்தையில் மிளகு விலை இறங்கியதைப் பற்றிச் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். எல்லைக்கல் வந்தது. நங்கை வெளியே பார்க்கவில்லை. வெறும் மணிக்கட்டை இன்னொரு கையால் பொத்திக்கொண்டு, பஸ் அதைத் தாண்டி முதல் வளைவில் திரும்பும்வரை குனிந்தே இருந்தார்.